வாடகை வீட்டுச் சமையலறையில் ஆள் தங்க வேண்டும் என்றால்

சென்னையில் வாடகைக்குக் கிடைக்கிற ஃபிளாட்டுகளின் சமையலறை பெரும்பாலும் ஒரே அச்சுதான். இடுப்புயரத்துக்குக் கறுப்பு கிரானைட் மேடை, அதற்கு மேல் வெள்ளை டைல்ஸ், தலைக்கு மேல் லாஃப்ட், ஒரு ஓரத்தில் ஸ்டீல் சிங்க், முதுகுப்பக்கச் சுவரில் ஒரு டியூப்லைட். குறை என்று ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீர் வருகிறது, துடைத்தால் சுத்தமாகிறது, நாலு பேருக்குச் சமைக்க இடம் போதும். ஆனாலும் உள்ளே போனதும் எப்போது வேலையை முடித்துவிட்டு வெளியே வருவோம் என்றுதான் இருக்கும். எங்கள் வீட்டில் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாமே ஹாலில்தான் நடந்துகொண்டிருந்தது, சமைக்கிறவர் மட்டும் உள்ளே தனியாக.

இதை மாற்ற வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கையில் இருந்தது மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வாடகை வீடு என்பதால் ஒரு ஆணி அடிப்பதற்கும் ஹவுஸ் ஓனரைக் கேட்க வேண்டும். இந்தப் பணத்தில் எதை வாங்குவது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரே ஒரு அளவுகோல்தான் வைத்துக்கொண்டேன்: சமைக்கிற ஆளைத் தவிர இன்னொருவர் ஒரு வேலையும் இல்லாமல் இங்கே வந்து கொஞ்ச நேரம் இருப்பாரா? இருக்க வைக்கும் என்றால் செலவு செய்யலாம். வெறுமனே போட்டோவில் அழகாகத் தெரியும் என்றால் வேண்டாம். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆள் தங்காத சமையலறையில் இதம் இருக்காது என்பதை நான் முழுசாக நம்புகிறேன்.

முதல் ரூபாய் விளக்குக்குத்தான் போக வேண்டும். இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. சுவர், திரை, டப்பா எதையும் தொடாமல் விளக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். நம் வீடுகளில் மாட்டியிருக்கிற எல்இடி டியூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின். பெட்டியின் ஓரத்தில் 'கூல் டேலைட்' என்று போட்டு பக்கத்தில் இந்த எண் இருக்கும். நீலம் ஓடிய வெள்ளை அது. வெள்ளை டைல்ஸில் பட்டுத் திரும்பும்போது இன்னும் வெளிறிப்போய் ஆஸ்பத்திரி வராந்தா போல ஆகிவிடுகிறது. பழைய குண்டு பல்பின் நிறம் சுமார் 2700 கெல்வின். எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். சமையலறைக்கு 3000 சரியாக இருக்கிறது. 2700 எனக்குப் பிடித்தாலும் வேலை செய்யும் இடத்துக்குக் கொஞ்சம் அதிக மஞ்சள். நிறைய பேர் மஞ்சள் பல்பு என்றால் வெளிச்சம் குறைவு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே 9 வாட்ஸ் பல்பு 3000-லும் வருகிறது, 6500-லும் வருகிறது, வெளிச்சத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், நிறம்தான் வேறு. வெளிச்சம் எவ்வளவு என்று தெரிய பெட்டியில் லூமென் என்று போட்டிருக்கிற எண்ணைப் பார்க்க வேண்டும்.

கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள். எங்கள் தெருமுனைக் கடையில், "அது ஹோட்டலுக்குத்தாம்மா வாங்குவாங்க, வீட்டுக்கு யாரும் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டார்கள். ரிச்சி தெருவில் கிடைத்தது. நூறு ரூபாய்க்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான். வாங்கும்போது ஹோல்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டு பின் உள்ள பி22, ஃபேன்சி விளக்குகளுக்கு மரை போட்ட ஈ27. பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருந்தால் அதையும் கவனியுங்கள். 100-க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவுக்குப் பொருளின் நிறம் உள்ளபடி தெரியும், 80-க்குக் கீழே போக வேண்டாம். சமையலறையில் இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் கிடையாது. வெங்காயம் வதங்கும்போது கண்ணாடி மாதிரி ஆகி, ஓரம் மட்டும் லேசாகச் சிவந்து, அப்புறம் முழுசாகப் பொன்னிறத்துக்கு வருகிற அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தை நல்ல விளக்கில்தான் சரியாகப் பிடிக்க முடியும். மோசமான விளக்கில் பொன்னிறமும் கருகலும் ஒன்றுபோலவே தெரியும்.

ஊரிலிருந்து அம்மா வந்தபோது முதல் கேள்வியே, "என்னடி இது, இவ்ளோ மஞ்சளா இருக்கு, அரிசியில கல்லு கெடந்தா எப்படித் தெரியும்?" என்றுதான். அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதனால்தான் டியூப்லைட்டைக் கழற்றவில்லை. கீரை ஆய, அரிசி புடைக்க, மீன் கழுவ அது வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். காலையில் அவசரத்துக்கு டியூப்லைட், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மஞ்சள் பல்பு. இப்போது அம்மாவே வந்தால் அந்த நேரத்துக்கு டியூப்லைட்டை அணைத்துவிடுகிறார்.

இன்னொன்று நிழல். முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் காய் நறுக்குகிற பலகை மேல் நம் தலையின் நிழல்தான் விழும். எவ்வளவு பெரிய டியூப்லைட் போட்டாலும் கத்தி படுகிற இடம் இருட்டாகவே இருக்கும். மேடைக்கு மேலே ஷெல்ஃப் இருந்தால் அதன் அடியில், முன்பக்க ஓரமாக ஒரு எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு அடாப்டர் வேண்டும். 5 வோல்ட் என்றால் போன் சார்ஜரிலேயே எரியும். அதோடு வருகிற பசையை மட்டும் நம்ப வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் சேர்ந்தால் சீக்கிரமே தொங்க ஆரம்பித்துவிடும். அலுமினிய சேனல் என்று கேட்டால் மேலே மூடியோடு கொடுப்பார்கள், அதை ஸ்க்ரூ போட்டு மாட்டி ஸ்ட்ரிப்பை உள்ளே வைத்தால் துடைப்பதும் சுலபம். அடுப்புக்கு நேர் மேலே போடாதீர்கள். அடாப்டர் சிங்க் பக்கமே வரக்கூடாது. சேனலோடு சேர்த்து எனக்கு அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. மொத்தச் செலவில் எனக்கு அதிகத் திருப்தி தந்தது இதுதான்.

விளக்குக்கு அடுத்தது உட்கார இடம். பாட்டி வீட்டு அடுப்படியில் எல்லா வேலையும் தரையில்தான். அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து காய் நறுக்குவார்கள், பக்கத்தில் ஒருத்தர் தேங்காய் துருவுவார், ஆட்டுக்கல்லைச் சுற்றி இன்னொருத்தர், வந்தவர்களும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். வேலை என்னவோ முதுகை ஒடிக்கிற வேலை. புகை வேறு. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். மேடை வந்தது பெண்களுக்குப் பெரிய உதவி. ஆனால் மேடை வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம், நிற்கிற இடத்தில் சும்மா இருக்கிறவர்களுக்கு என்ன வேலை?

1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹாட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் அதுதான் முன்னோடி என்பார்கள். அகலம் இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நீளம் மூன்றரை மீட்டருக்குப் பக்கம். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். ஒருவர் தனியாக, அதிகம் நடக்காமல், கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு சீக்கிரம் சமைத்து முடிக்க வேண்டும் என்பது கணக்கு. பெண்களின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்தச் சமையலறையில் ஜன்னலோரம் வேலை செய்ய ஒரு பலகையும், உட்கார ஒரு சுழல் ஸ்டூலும் இருந்தன. நம் ஃபிளாட்டுகளுக்கு அந்தக் குறுகல் மட்டும் வந்து சேர்ந்தது, ஸ்டூல் வரவில்லை. இதைப் படித்த பிறகுதான் என் சமையலறைக்கும் ஒரு ஸ்டூல் வேண்டும் என்ற எண்ணம் உறுதியாயிற்று.

எங்கள் சமையலறையில் மேஜை போட இடம் கிடையாது. அதனால் சிங்குக்கு எதிர்ச்சுவரில் மடக்குப் பலகை. மடக்கும் பிராக்கெட் ஒரு ஜோடி ஹார்டுவேர் கடையில் நானூறு ரூபாய்க்குக் கிடைத்தது, பலகைக்குத் தெருக்கோடியில் இருக்கிற தச்சுப்பட்டறையில் மிச்சம் கிடந்த பிளைவுட் துண்டு. நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு ஓரத்தையும் இழைத்துக் கொடுத்தார் அந்த அண்ணன். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம். அதற்கு மேல் வார்னிஷ் இரண்டு கோட். உயரம் தரையிலிருந்து முப்பது அங்குலம் வைத்தால் சாதாரண ஸ்டூலுக்குச் சரியாக இருக்கும். துளை போட ஓனர் அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். "டைல்ஸ்ல மட்டும் போடாதம்மா, மத்தபடி போட்டுக்கோ" என்றார். சரியான பேச்சு. சுண்ணாம்புச் சுவரில் போட்ட துளையைப் போகும்போது பட்டி வைத்து அடைத்துவிடலாம், டைல்ஸில் விழுந்த விரிசலை ஒன்றும் செய்ய முடியாது.

பலகை போட இடமோ அனுமதியோ இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நிலைப்படிக்குப் பக்கத்தில், உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக உட்காருகிற மாதிரி ஒரு மணையையோ முக்காலியையோ போட்டாலும் போதும். பத்தமடை அளவுக்கு நயமான பாய் இதற்குத் தேவையில்லை, சாதாரணக் கோரைப்பாயை நாலாக மடித்துப் போட்டாலே குளிர்ச்சியான தரையில் சௌகரியமாக உட்காரலாம். உட்கார்ந்தவர் கையில் பூண்டைக் கொடுத்துவிட்டால் உரித்துக்கொண்டே பேசுவார். என் பையன் இப்போது வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருகிறான். ஹாலில் டிவி ஓடினாலும் இங்கே வந்து உட்கார்கிறான் என்பதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் பிசுக்கு. பணமே இல்லை என்றால் இதிலிருந்து தொடங்கலாம். தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் பறக்கிற எண்ணெய்த் துளிகள் சுவரிலும் லாஃப்ட்டின் அடிப்பக்கத்திலும் படிந்து, காற்று பட்டுப் பட்டு மெல்ல இறுகி, கடைசியில் ஒட்டுகிற மஞ்சள் படலமாகிவிடும். தூசியும் அதிலேயே ஒட்டும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு இந்தப் பழைய பிசுக்குக்குப் போதாது. மளிகைக்கடையில் சலவை சோடா என்று கேளுங்கள், சமையல் சோடாவைவிட இது காரம் அதிகம். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கலந்து, கையில் கிளவுஸ் போட்டுக்கொண்டு துணியை நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிஷம் ஒட்டி வைத்துவிட்டுத் தேய்த்தால் படலம் ஊறி உரிந்து வரும். அலுமினியப் பொருள் மேல் மட்டும் படவிடாதீர்கள், கறுத்துப்போய்விடும். டிஸ்டெம்பர் அடித்த சுவரிலும் வேண்டாம், பெயிண்டே வந்துவிடும். டைல்ஸ் இடுக்குகள் கறுத்திருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒயிட் சிமெண்ட்டைக் குழைத்து விரலால் அப்பி, காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு கிலோ பாக்கெட் வாங்கினால் மிச்சமே இருக்கும். டைல்ஸ் புதிது போல ஆகிவிடுகிறது, மிகையே இல்லை.

பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் விளக்கை மாற்றிய பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். 3000 கெல்வின் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைச் சுவரே க்ரீம் நிறமாகத் தெரியும். அதன் மேல் நாம் போய் மஞ்சளை அடித்தால் திகட்டிவிடும். டைல்ஸுக்கு மேலே லாஃப்ட் வரைக்கும் இருக்கிற துண்டுச் சுவர் எங்களுக்கு ஐம்பது சதுர அடி இருக்கும். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் தாராளமாகப் போதும். கழுவக்கூடிய எமல்ஷனாகப் பார்த்து வாங்குவது முக்கியம். நாங்கள் வெளிர் காவி கலந்த ஒரு க்ரீம் எடுத்தோம். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் அமைதியாக இருக்கிறது, இரவில் சிவந்து தெரிகிறது. சின்ன இடத்தில் தீட்டிப் பார்த்து, பகலிலும் ராத்திரியிலும் ஒரு தடவை பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ஷெல்ஃப் விஷயத்தில் என் கருத்து நிறைய பேருக்குப் பிடிக்காமல் போகலாம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டு ஒரே மாதிரி லேபிள் ஒட்டி அடுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்க்கக் கடையில் அடுக்கினது போல ஒழுங்காக இருக்கும், ஆனால் அதில் அந்த வீட்டு ஆட்கள் யாரும் தெரிய மாட்டார்கள். எங்கள் பழைய கட்டடத்தில் மேடைக்கு மேலே மூடாத கடப்பாக்கல் ஷெல்ஃப் இரண்டு தட்டு இருக்கிறது. முதலில் அதன் கறுப்பை மீட்டேன். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாகத் துடைத்தால் போதும், ஆழ்ந்த கறுப்பு வந்துவிடும். கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை, எலுமிச்சையோ புளித்தண்ணியோ பட்டால் அரித்து வெள்ளைத் தடம் விழும், கிரானைட் போலத் தாங்காது. அதனால் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் ஒரு சின்னத் தட்டு.

அந்தக் கறுப்பின் மேல் என்ன வைக்கிறோம் என்பதுதான் சங்கதி. காலியான காபித்தூள், ஜாம், தேன் கண்ணாடிப் பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தெடுத்தால் காசில்லாமல் ஒரு வரிசை கிடைத்துவிடும். அதில் துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா என்று பருப்பு வகைகளைப் போடுங்கள். அத்தனை நிறம் நம் மளிகையிலேயே இருக்கும்போது அலங்காரப் பொருள் எதற்கு? ஆனால் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மல்லித்தூள் கண்ணாடிக்குப் போக வேண்டாம். வெளிச்சமும் அடுப்புச் சூடும் பட்டால் நிறமும் மணமும் போய்விடும், அவற்றுக்கு எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டிதான் சரி. பிளாஸ்டிக் கவர்கள், பாதி பிரித்த பாக்கெட்டுகள், மாத்திரை அட்டை, கேஸ் புக் இதெல்லாம் கண்ணில் படாமல் ஒரு மூடின டப்பாவுக்குள் போய்விட வேண்டும். கண்ணுக்குச் சத்தம் போடுவது இவைதான்.

பித்தளை புதிதாக வாங்கினால் நம் பட்ஜெட்டுக்குள் அடங்காது. ஆனால் அம்மா வீட்டுப் பரணில், அத்தை வீட்டு மூலையில் கட்டாயம் ஏதாவது கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அம்மா ஊரிலிருந்து ஒரு சின்னப் பித்தளைச் சொம்பும் விளிம்பு நசுங்கிய ஒரு பாத்திரமும் கொண்டுவந்து கொடுத்தார். பழைய புளியும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து தடவி ஐந்து நிமிஷம் விட்டேன். கையை வைத்துத் தேய்த்ததும் பச்சையும் கறுப்புமாக அழுக்கு ஓட, அடியிலிருந்து முதலில் ஒரு இளஞ்சிவப்பும் பிறகு பளிச்சென்ற மஞ்சளும் வந்தது. அடியில் ஊசி முனையால் குத்தின மாதிரிப் புள்ளி எழுத்தில் தாத்தாவின் இனிஷியல். இப்போது கரண்டி, மத்து, ஜல்லிக்கரண்டி எல்லாம் அதில்தான் நிற்கின்றன. மஞ்சள் விளக்கு அதன் மேல் விழும்போது மேடை முழுவதும் மாறிவிடுகிறது. சமைக்கவே பயன்படுத்த வேண்டும் என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூசியிருந்தாலும் வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடக்கூடாது, அந்த வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

மேடைக்கு அடியில் கதவு இல்லாத வீடுகளில் சிலிண்டர், பக்கெட், வெங்காயக் கூடை எல்லாம் அப்படியே தெரியும். கதவு போட ஆயிரக்கணக்கில் ஆகும். ஸ்பிரிங் கம்பியும் இரண்டு கொக்கியும் வாங்கி ஒரு பருத்தித் திரை போட்டுவிடுங்கள். சென்னிமலை, கரூர்ப் பக்கத்துக் கைத்தறித் துணிகளில் கட்டம் போட்டது, கோடு போட்டது என்று நல்ல அழுத்தமான ரகங்கள் வருகின்றன. கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடி சமயத்தில் ஒரு போர்வை எடுத்து வெட்டித் தைத்தால் இரண்டு செட் திரை வரும், ஒன்று துவைக்கப் போனால் ஒன்று மாட்ட. நைலான், பாலியஸ்டர் வேண்டாம், அடுப்பு பக்கத்தில் இருக்கிற இடத்தில் தீ பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதுதான், அதனால் எந்தத் துணியும் அடுப்புக்கு எட்டாத தூரத்திலேயே இருக்கட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். சிலிண்டரை மறைக்கிற திரை தரையைத் தொடக்கூடாது, கீழே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மரக்கதவு போடுகிறவர்கள் கீழ்ப்பகுதியில் காற்றோட்டத் துளை இல்லாமல் போடவே வேண்டாம். அழகுக்காகச் சமையலறைக் கதவடியையும் ஜன்னலையும் அடைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருக்கிறது.

செடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலில் ரெண்டு மணி நேரமாவது வெயில் வந்தால் கற்பூரவல்லிக் கொம்பை ஒடித்து நட்டுவிடுங்கள், அதுபாட்டுக்கு வரும். வெயிலே இல்லை என்றால் பாட்டில் தண்ணீரில் மணிபிளான்ட். கறிவேப்பிலைக்கு நேர் வெயில் வேண்டும், அதை உள்ளே வைத்து வாட விடாதீர்கள். பிளாஸ்டிக் கொடி மட்டும் வாங்கவே வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டினால் அதைக் கழுவி மாளாது. அதே காரணத்துக்காக அடுப்புக்குப் பின்னால் ஒட்டுகிற டைல்ஸ் ஸ்டிக்கரும் எனக்குப் பிடிக்கவில்லை, சூட்டில் ஓரம் சுருண்டு அதற்குள் அழுக்கு சேர்கிறது. வாசனை மெழுகுவர்த்தியும் சமையலறைக்குப் பொருந்தாது. ரசத்துக்குப் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளிக்கிற இடத்தில் லாவெண்டர் வாசனை எதற்கு?

தரைக்கு ஒரு சின்ன ஜமக்காளம் போட்டோம், பவானிக் கோடு போட்டது. தட்டையான நெசவு என்பதால் காலில் தடுக்காது, துவைத்தால் சீக்கிரம் காய்கிறது. சிங்குக்கு முன்னால் போட்டால் ஈரத்தில் வழுக்கும், அதனால் ஸ்டூல் பக்கம்தான். அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒன்றை வெட்டிப் போட்டிருக்கிறோம்.

இவ்வளவு செய்தும் சென்னையில் ஒரு பிரச்சினை பாக்கி இருக்கும், வெக்கை. குளிர் நாட்டுக்காரர்கள் சமையலறையை வெதுவெதுப்பாக்கலாம். நமக்கு மே மாதத்தில் அடுப்புக்கு முன்னால் பத்து நிமிஷம் நிற்பதே பெரிய விஷயம், அதில் இன்னொருவரை வந்து உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்? வெளிச்சத்தில் மஞ்சள் இருக்கட்டும், காற்றில் சூடு இருக்கக்கூடாது. சீலிங் ஃபேன் போட்டால் அடுப்புத் தீ அலைகிறது, தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் ஆபத்து. சுவரில் மாட்டுகிற சின்ன ஃபேனை அடுப்புக்குப் படாமல், ஸ்டூலில் இருப்பவரையும் நம் முதுகையும் நோக்கித் திருப்பி வைத்தால் தீயும் அலையாது, வியர்வையும் அடங்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிற வீடுகளில் நிறைய பேர் அதை ஓடவிட்டு ஜன்னலையும் கதவையும் சாத்திவிடுகிறார்கள். வெளியே தள்ள வேண்டும் என்றால் உள்ளே வரக் காற்று வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கதவையோ ஜன்னலையோ திறந்து வைத்தால்தான் அது இழுக்கும். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அங்கேயே உள்ளே வந்து அங்கேயே வெளியே போய்விடும், அடுப்புச் சூடு அப்படியே நிற்கும். சமையல் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும், சுவரில் படிகிற பிசுக்கும் குறையும்.

எங்கள் சமையலறையில் எக்ஸாஸ்ட் இல்லை. ஜன்னலின் மேல் கண்ணாடியில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒன்பது அங்குல ஃபேனைப் பலகையில் பொருத்தி வைக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். கழற்றின கண்ணாடியைப் பத்திரமாக வைத்திருந்து வீடு மாறும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னதும் ஓனர் அம்மாவும் சரி என்றுவிட்டார். அடுத்த மாதச் சம்பளத்தில் அதுதான் முதல் செலவு.